அனல் காற்றில் ஒரு குடும்பம்



திரைப்படத்தைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவதா என்று நம் பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். அந்தச் சுளிப்பில் நியாயம் இல்லாமலில்லை. பல்லாண்டுகளாக வெள்ளித்திரை முஸ்லிமைப் பெரும்பாலும் இரண்டே கோலங்களில்தான் காட்டி வந்திருக்கிறது. ஒன்று, அத்தர் மணக்கத் திண்டில் சாய்ந்து கஜல் கேட்டுக்கொண்டிருக்கும் நவாபு. மற்றொன்று, கண்ணுக்குச் சுருமா தீட்டி, கழுத்தில் கைக்குட்டை கட்டி, இடுப்பிலிருந்து கத்தியை உருவும் கடத்தல்காரன். காலையில் கடையைத் திறந்து, பகலெல்லாம் கடனுக்கு அலைந்து, மகளின் நிக்காஹை எண்ணிப் பெருமூச்சு விட்டு, இரவில் வயதான தாயாரின் கால்மாட்டில் அமர்ந்து அன்றைய சேதிகளைச் சொல்லும் குடும்பத் தலைவரைத் திரையில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த ஏமாற்றத்தைப் பெருமளவு போக்கிய ஒரு படத்தைப் பற்றித்தான் இம்மாதம் தங்களோடு பேச விழைகிறேன்.

படத்தின் பெயர் ‘கரம் ஹவா’. அனல் காற்று என்பது இவ்வுருதுச் சொற்களின் பொருள். 1973-இல் எடுத்து முடிக்கப்பட்டு, 1974-இல் மக்கள் முன் வந்தது. மைசூரைச் சேர்ந்த எம்.எஸ். சத்யூ இதனை இயக்கினார். புகழ்பெற்ற உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் எழுதி அச்சேறாதிருந்த ஒரு கதையே இதன் வித்து. அதனைக் கவிஞர் கைஃபி ஆஸ்மியும், சத்யூவின் துணைவியார் ஷமா ஸைதியும் திரைக்கதையாக வளர்த்தார்கள். இஸ்மத்தின் கதையில் நாயகர் ஒரு ரயில் நிலைய அதிகாரி. கைஃபியோ அவரைக் காலணி உற்பத்தியாளராக மாற்றிவிட்டார். கான்பூரில் காலணித் தொழிலாளரிடையே சங்கப் பணி ஆற்றியவர் அவர். தோலின் வாடையும் பட்டறையின் கணக்கும் அவருக்கு நேரில் தெரிந்தவை. அந்த மாற்றத்தினால் படத்துக்குக் கிடைத்த உயிரை ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் வரவில்லையென்றால் பட்டறையில் எத்தகைய மௌனம் நிலவும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

நிகழிடம் ஆக்ரா. நாடு இரண்டாகி, காந்தியடிகளும் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்ட நாட்கள். சலீம் மிர்ஸா என்ற காலணி உற்பத்தியாளர் கராச்சிக்குப் புறப்படும் உறவினரை ரயிலேற்றிவிட்டு ஜட்கா வண்டியில் திரும்புகிறார். இன்று யாரை வழியனுப்பினீர்கள் என்று வண்டிக்காரர் கேட்கிறார். அனல் காற்று வீசுகிறது, இதில் வேரோடு பெயராதவர்கள் நின்ற இடத்திலேயே காய்ந்து போவார்கள் என்னும் கருத்து அந்த ஏழை வண்டிக்காரரின் வாயிலிருந்துதான் வருகிறது. படத்தின் பெயர் பிறந்த இடம் அது. பேராசிரியர் ஒருவரைக் கொண்டு சொல்ல வைத்திருந்தால் அது சொற்பொழிவாகியிருக்கும்.

அந்த ரயில் நிலையம் படம் நெடுகிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒருவர் போகிறார். உடன்பிறந்தார் போகிறார்கள், அதன்பின் பெற்ற மகன். புகை விட்டுச் செல்லும் வண்டியை நோக்கிக் கையசைத்துவிட்டுத் திரும்பும் சலீம் மிர்ஸாவின் தோள்கள் ஒவ்வொரு முறையும் சற்றே கூடுதலாகத் தாழ்கின்றன. ஆனாலும் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தில் ஒரு தெளிவை வரவழைத்துக்கொள்கிறார். காந்தியடிகளின் உயிர்த் தியாகம் வீண் போகாது, நாடு அமைதி கொள்ளும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர் அவர்.

அண்ணன் ஹலீம் மிர்ஸா அரசியல்வாதி. முஸ்லிம் லீக் தலைவர்களில் ஒருவர். இந்நாட்டை விட்டு எங்கும் போகமாட்டேன் என்று மேடையில் முழங்கியவர், ஓசையில்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு மனைவி மக்களுடன் பாகிஸ்தானுக்குப் போய்விடுகிறார். அவர் போனதோடு விஷயம் முடியவில்லை என்பதுதான் துயரம். நான்கு புறமும் அறைகளும் நடுவில் முற்றமுமாக, தலைமுறை தலைமுறையாக அக்குடும்பம் வாழ்ந்த ஹவேலி அந்த அண்ணனின் பெயரில் இருக்கிறது. நாட்டைவிட்டு வெளியேறியோர் சொத்தை அரசு நியமித்த பாதுகாவலர் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அப்போது நடைமுறையில் இருந்தது. முதலில் அவசரச் சட்டங்களாகவும், பின்பு 1950-இல் முழுச் சட்டமாகவும் வந்தது. 2005-இல்தான் அது நீக்கப்பட்டது. அங்கிருந்து அனைத்தையும் இழந்து வந்த இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் தலை சாய்க்க இடம் வேண்டுமல்லவா? சட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்லிவிட இயலாது. ஆனால் ஒருவர் போனதற்காக, போகாத எட்டுப் பேர் தெருவுக்கு வர நேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பு? படம் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்யும் காட்சியை மட்டும் காட்டுகிறது.

அந்தக் காட்சியை என்னவென்று எழுதுவேன்! வீட்டின் மூதாட்டி, சலீம் மிர்ஸாவின் தாயார், புறப்படும் நேரத்தில் காணாமற் போகிறார். எங்கே தேடினும் இல்லை. கடைசியில் விறகு அடைத்து வைத்திருக்கும் சிற்றறைக்குள் சுருண்டு ஒளிந்திருக்கிறார், ஒளிந்து விளையாடும் குழந்தையைப் போல. மணப்பெண்ணாக வந்து இறங்கிய வீடு இது, இதை விட்டு நான் ஏன் போக வேண்டும் என்பதே அவருடைய ஒரே வாதம். கஸ்டோடியன், கோர்ட்டு, உத்தரவு எதுவும் அந்த அம்மையாருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவர் ஒப்பவுமில்லை. தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

பிற்பாடு, வாடகை வீட்டில் அவர் இறுதிப் படுக்கையில் கிடக்கும்போது, பழைய வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அவரை விட்டுப் போகவில்லை. உயிரும் போக மறுக்கிறது. பல்லக்கில் வைத்துச் சுமந்து செல்கிறார்கள். அந்த வாசலை நெருங்குகையில், என்றோ அவர் புதுப்பெண்ணாக வந்த நாளின் ஓசைகள் எல்லாம் நம் காதிலும் விழுகின்றன. பழைய காட்சி எதுவும் திரையில் காட்டப்படுவதில்லை, ஓசைதான். மூதாட்டியின் முகம் மட்டும் நம் முன் இருக்கிறது. ஹவேலிக்குள்ளேயே அவருடைய மவ்த்து நிகழ்கிறது.

இப்பாத்திரத்துக்கு முதலில் பாடகி பேகம் அக்தரை அணுகினார்களாம், அவர் இசையவில்லை. பின்பு ஆக்ராவிலேயே கண்டெடுக்கப்பட்டவர் பதர் பேகம் என்னும் முதியவர். கண்பார்வை மங்கியிருந்தவர். அவருக்குப் பின்னணிக் குரல் தந்தவர் தீனா பாடக். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பது படம் பார்க்கையில் அணுவளவும் தெரிவதில்லை. நம் வீட்டு நன்னிமார்களை அறிந்தவர்கள் எவரும் இந்த அம்மையாரை ‘நடிகை’ என்று சொல்லத் தயங்குவார்கள்.

இனி பல்ராஜ் ஸாஹ்னியிடம் வருவோம். சலீம் மிர்ஸாவாக வாழ்ந்தவர் அவர். 1953-இல் வெளிவந்த ‘தோ பீகா ஜமீன்’ படத்தில் கல்கத்தாத் தெருக்களில் ரிக்‌ஷா இழுக்கும் குடியானவராகவும், 1961-இல் ‘காபூலிவாலா’வாகவும் அவரைப் பார்த்து உருகியவர்கள் பலர். அவற்றை விடவும் இப்படத்தில் அவர் உயர்ந்து நிற்கிறார் என்பது என் கருத்து. காரணம், இங்கே அவர் அழுவதில்லை. அழ வேண்டிய இடங்கள் அடுக்கடுக்காக வருகின்றன; அவற்றிலெல்லாம் அடக்கிக்கொள்கிறார்.

வாடகைக்கு வீடு தேடும் காட்சிகளைப் பாருங்கள். வீடு காலியாக இருக்கிறது, வாடகையும் ஒத்துவருகிறது, பேச்சும் இனிமையாகவே நடக்கிறது. பெயரைக் கேட்டதும் கதை மாறிவிடுகிறது. முன்பு குடியிருந்த முஸ்லிம் வாடகை பாக்கியோடு எல்லை கடந்துவிட்டாராம். ஆகவே இனி எந்த முஸ்லிமுக்கும் வீடில்லை. வங்கியிலும் லேவாதேவிக்காரரிடமும் இதே பதில்தான். நாளை நீங்களும் போய்விட்டால் எங்கள் பணம் என்ன ஆவது? போகாமல் நிற்பவனிடம் போனவனின் கடனைக் கேட்கிறது உலகம். இந்த அவமானத்தை ஸாஹ்னி ஏற்கும் விதம் இருக்கிறதே! கோபப்படுவதில்லை. கெஞ்சுவதுமில்லை. ஷெர்வானியின் மடிப்பைச் சரி செய்துகொண்டு, ஸலாம் சொல்லிவிட்டு, கண்ணியத்தோடு படியிறங்குகிறார். பெயரைக் கேட்டபின் ‘வீடு காலியில்லை’ என்ற பதிலைப் பெற்றுத் திரும்பிய பிள்ளைகள் இன்றைய பெருநகரங்களிலும் உண்டு. அவர்கள் இக்காட்சியைப் பழங்கதையாகப் பார்க்கமாட்டார்கள்.

பின்னர் அவர்மீது உளவாளி என்ற பழியும் விழுகிறது. ஹவேலியின் வரைபடத்தைக் கராச்சியிலிருக்கும் அண்ணனுக்கு அனுப்பினார் என்பதே குற்றம். நீதிமன்றம் அவரை விடுவித்துவிடுகிறது. ஊரின் பார்வை விடுவிப்பதில்லை. தெருவில் நடக்கையில் முதுகுக்குப் பின்னே எழும் முணுமுணுப்பைக் கேட்டும் கேளாதவர் போல் அவர் நடக்கிறார். கலவரத்தில் கல்லெறி பட்டு, பட்டறையும் தீக்கிரையான பின்பு, முதலாளியாக இருந்த மனிதர் தாமே அமர்ந்து செருப்புத் தைக்கத் தொடங்குகிறார். அப்போதும் முகத்தில் கழிவிரக்கம் இல்லை.

மகள் ஆமினாவின் கதைதான் இப்படத்தின் நெஞ்சு. பெரியப்பா மகன் காஸிமுக்கு நிச்சயிக்கப்பட்டவள். கராச்சி போன அவன், தந்தை அங்கே பேசி முடித்த பெரிய இடத்துச் சம்பந்தத்தை உதறிவிட்டு, அவளை மணப்பதற்காகவே மறைவாகத் திரும்பி வருகிறான். வீட்டில் மணவேலை தொடங்குகிறது. உரிய அனுமதியின்றி வந்தவன் என்று போலீஸ் வந்து அழைத்துச் சென்று எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுகிறது. சொந்த ஊருக்கு வர ஒருவனுக்கு அரசின் சீட்டு தேவைப்பட்ட காலம் அது. பின்பு அத்தை மகன் ஷம்ஷாத் அவள் மனத்தில் இடம் பிடிக்கிறான். ஃபதேபூர் சிக்ரியில் ஸலீம் சிஷ்தியின் தர்காவில் நிகழும் அந்தக் கவ்வாலிக் காட்சி படத்தின் அழகுகளில் ஒன்று. அவன் குடும்பமும் எல்லை கடக்கிறது. காத்திருக்கிறாள். அத்தை ஒருநாள் வருகிறாள், கல்யாணச் சாமான்கள் வாங்க! வீடே மகிழ்கிறது. அந்தக் கல்யாணம் வேறொரு பெண்ணோடு என்பது பின்னர்தான் தெரிகிறது.

கீதா சித்தார்த் ஆமினாவாக நடித்திருக்கிறார். முதல் ஏமாற்றத்துக்குப் பின் சிரிப்பை மறந்தவள், ஷம்ஷாதின் விளையாட்டுப் பேச்சில் மெல்ல மெல்ல மீண்டும் சிரிக்கக் கற்றுக்கொள்வதை அவர் காட்டும் நயம் அரியது. அந்தச் சிரிப்பு திரும்பியதாலேயே பின்னால் வரும் இடி நம்மையும் தாக்குகிறது. மணச்சேலை உடுத்தி, கை நரம்பை அறுத்துக்கொண்டு கிடக்கிறாள். தன்னுயிரை மாய்த்துக்கொள்வது நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படம் அதனைக் காவியமாக்கிக் காட்டவுமில்லை. கதவைத் திறந்த தகப்பனார் பார்க்கிறார். அவ்வளவே. கதறல் இல்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அந்த முகத்தில் ஏதோ ஒன்று அணைந்துபோவதை மட்டும் காண்கிறோம். ஸாஹ்னி தம் சொந்த மகளை 1972-இல் பறிகொடுத்திருந்தார். அந்த ரணம் ஆறுமுன்னரே இப்படிப்பட்ட காட்சியில் நிற்க நேர்ந்தது என்பதை அறிந்தபின் அதைப் பார்ப்பது எளிதன்று.

அன்னை ஜமீலாவாக வரும் ஷௌகத் ஆஸ்மியை மறந்துவிடலாகாது. கவிஞர் கைஃபியின் துணைவியார். கணவர் பொறுமை பொறுமை என்று சொல்லச் சொல்ல, அரிசிப் பானையைப் பார்த்துக் கவலைப்படும் பொறுப்பு அவருடையது. நாத்தனாரை வரவேற்கும் பரபரப்பில் அவர் கண்களில் தெரியும் அந்த நம்பிக்கையை எத்தனை தாய்மார்களிடம் நாம் பார்த்திருக்கிறோம்! இளைய மகன் சிக்கந்தராக வரும் ஃபாரூக் ஷேக்குக்கு இதுவே முதற்படம்; அப்போது சட்டம் பயின்ற இளைஞர். ஊதியம் 750 ரூபாய். பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல், நேர்முகத் தேர்வில் ‘பாகிஸ்தானுக்குப் போகலாமே’ என்ற அறிவுரையைப் பெற்று வரும் அந்தப் பையனின் துடிப்பு, படத்தின் இருளுக்கிடையே ஒரு சாளரம்.

ஹவேலியைப் பெறுகிறவர் சிந்துவிலிருந்து வந்த அஜ்மானி என்னும் வணிகர். அவரை வில்லனாக்கியிருக்கலாம், ஆக்கவில்லை. தாமும் வீட்டை இழந்து வந்தவர், ஆகவே இழந்தவரின் வலி தெரிந்தவர். மரணப் படுக்கையிலிருக்கும் மூதாட்டிக்குக் கதவைத் திறந்துவிடுகிறவர் அவரே. அப்பாத்திரத்தில் ஏ.கே. ஹங்கல். இங்கே ஒரு வியப்பு. ஹங்கல் ஸியால்கோட்டில் பிறந்து, கராச்சியில் சிறையிருந்து, 1949-இல் பம்பாய் வந்தவர். ஸாஹ்னியோ ராவல்பிண்டிக்காரர், எல்லைக்கு அப்பால் போய்விட்ட தம் ஊரை 1962-இல் சென்று கண்டு, பயண நூலே எழுதியவர். ஆக, அந்தப் பக்கத்து மண்ணை இழந்த இருவர்தாம், இந்தப் பக்கத்தில் வீட்டை இழக்கும் முஸ்லிமாகவும், அதைப் பெறும் அகதியாகவும் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். அக்காட்சிகளில் நடிப்பு என்று தனியாக எதுவும் தென்படாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

படம் எடுத்த பாடும் ஒரு தனிக்கதை. அரசின் திரைப்பட நிதிக் கழகம் கடனாகத் தந்தது 2.5 லட்சம் ரூபாய். மீதிக்குச் சத்யூ நண்பர்களிடம் கைநீட்டினார். நடித்தவர்களில் பலரும் இப்டா என்ற மக்கள் நாடக மன்றத்தினர். ஒலிப்பதிவுக் கருவிக்குப் பணமில்லாததால், ஆக்ராவில் ஓசையின்றிப் படம் பிடித்துக்கொண்டு பம்பாயில் குரல் சேர்த்தார்கள். ஊரில் எதிர்ப்பு எழுந்தபோது, படச்சுருள் இல்லாத காமிராவோடு ஒரு போலிக் குழுவை வேறு தெருவுக்கு அனுப்பிக் கூட்டத்தைத் திசை திருப்பினார்களாம்! ஒளிப்பதிவாளர் இஷான் ஆர்யா அந்த முற்றத்து வெயிலையும் நிழலையும் கொண்டே ஒரு காலத்தை எழுப்பிக் காட்டியிருக்கிறார். தணிக்கைக் குழுவோ, வகுப்புக் கலவரம் மூளும் என்று அஞ்சிப் பல மாதங்கள் படத்தை முடக்கி வைத்தது. இறுதியில் பெங்களூரில் வெளியாயிற்று. கலவரம் எதுவும் மூளவில்லை. அதே படத்துக்கு அரசே தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதை வழங்கியது. 1974-இல் கான் திரைப்பட விழாப் போட்டியிலும் இடம்பெற்றது. கதை, திரைக்கதை, உரையாடல் மூன்றுக்கும் ஃபிலிம்ஃபேர் விருதுகள் கிட்டின.

குறையே இல்லையா எனில், உண்டு. முடிவு சற்று அவசரமாக வந்துவிடுகிறது. எல்லாம் இழந்து, பாகிஸ்தானுக்கே போய்விடலாம் என்று ரயில் நிலையம் நோக்கிப் புறப்படுகிறார் சலீம் மிர்ஸா. வழியில் வேலை கேட்டுச் செல்லும் ஊர்வலம் வண்டியை மறிக்கிறது. சிக்கந்தர் இறங்கிக் கூட்டத்தில் கலக்கிறான். தந்தையும் வீட்டுச் சாவியை மனைவியிடம் தந்து, வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு, மகன் பின்னே நடக்கிறார். இரண்டு மணி நேரம் இழைத்த துயரத்துக்குக் கொடியும் முழக்கமும் இவ்வளவு சுலபமாக விடை தந்துவிடுமா என்று எனக்குத் தோன்றியதுண்டு. கைஃபியின் அரசியல் நம்பிக்கை கதையை முந்திக்கொண்டுவிட்டது எனலாம். ஆயினும் அந்தச் சாவியை நீட்டும் கையைப் பார்க்கையில் வாதம் அடங்கிவிடுகிறது. தனித்தே எத்தனை நாள்தான் மனிதன் வாழ இயலும் என்னும் கருத்துடைய அந்த இறுதி வசனமே ஸாஹ்னி குரல் கொடுத்த கடைசி வரி என்பர். குரல் பதிவை முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, மாரடைப்பில் அவர் காலமானார். முழுப் படத்தை அவர் பார்க்கவில்லை.

2014 நவம்பரில் படச்சுருள் சீர் செய்யப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. ஃபாரூக் ஷேக் அதற்கு முந்தைய டிசம்பரில் மறைந்துவிட்டார். ஹங்கல் 2012-இல், ஷௌகத் ஆஸ்மியும் கீதா சித்தார்த்தும் 2019-இல் என இப்போது அந்த வீட்டார் ஒவ்வொருவராய்ப் போய்விட்டனர்.

தேடிப் பிடித்துப் பாருங்கள். உருது தெரியாதவர்களும் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ளலாம். ஆமினாவின் முடிவையும், அவளும் ஷம்ஷாதும் தனித்திருக்கும் ஓரிரு காட்சிகளையும் முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு, சிறு பிள்ளைகளை எழுப்பி அனுப்ப வேண்டிய இடத்தைப் பெற்றோர் தீர்மானித்துக்கொள்வது நலம். ஆனால் வீட்டிலுள்ள நன்னியையோ பாட்டனாரையோ தவறாமல் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். விறகறையிலிருந்து மூதாட்டியைத் தூக்கி வரும் இடம் வந்ததும், அவர்கள் விட்டு வந்த வீடுகளைப் பற்றி அவர்களாகவே பேசத் தொடங்குவார்கள். அப்போது படத்தைச் சற்று நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள்.